வோச் 610 எண்டுது, போன் 290 எண்டுது, எதை நம்புறது டொக்டர்?

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் கிளிநொச்சி, வயசு 44, நிறை 80 கிலோ. சீனி வருத்தம் வாற எல்லையில நிக்குது எண்டு கிளினிக்கில சொன்னவை. அதால பின்னேரத்தில இரணைமடுக் குளக்கட்டில ஒரு மணித்தியாலம் கெதியா நடக்கிறன், அஞ்சரைக் கிலோமீற்றர் வரும். மச்சான் கனடாவில இருந்து அனுப்பின வோச் 610 கலோரி எரிஞ்சது எண்டு காட்டுது, போன்ல இருக்கிற அப் 290 எண்டுது. 610ஐ நம்பித்தான் இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டினனான், நிறை அசையவே இல்லை. சரியான கணக்கை எப்பிடி எடுக்கிறது?

பதில்: தம்பி, நடக்கத் தொடங்கினதே பெரிய விசயம், அதை விட்டிடாதேங்கோ. ஆனா அந்த 610ஐ மட்டும் மறந்திடுங்கோ.

வோச் கலோரியை அளக்கிறேல்லை. அடியில பச்சை லைற் அடிச்சு உங்கட நாடித்துடிப்பைப் பாக்குது, மிச்சத்தை வயசு, நிறை, கை ஆட்டம் எல்லாத்தையும் போட்டு ஊகிக்குது, அவ்வளவுதான். உண்மையா அளக்கிறதெண்டா முகத்தில மாஸ்க் மாதிரி ஒண்டைப் பூட்டி நீங்கள் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறியள் எண்டு பாக்கோணும், ஒரு லீற்றர் ஒட்சிசனுக்குக் கிட்டத்தட்ட 5 கலோரி. 2017ல அமெரிக்காவில ஸ்ரான்ஃபோர்ட் ஆக்கள் 60 பேருக்குக் கையில கட்டுற ஏழு வகைக் கருவியளைக் கட்டி இப்பிடிச் சோதிச்சுப் பாத்தவை. நாடித்துடிப்பை அனேகமான கருவியள் சரியாத்தான் சொன்னது, கலோரியில ஒண்டுமே தேறேல்லை, இருக்கிறதுக்குள்ள நல்லதே சராசரியா 27 சதவீதம் பிழை, மோசமானது 93 சதவீதம்.

இதில எங்கட வன்னி வெயிலையும் சேருங்கோ. நாலு மணிக்குக் குளக்கட்டில இறங்கினா உடம்பைக் குளிராக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்போணும், அதால அதே வேகத்தில நடந்தாலும் துடிப்பு ஏறும். தசை அவ்வளவு கூடுதலா ஒண்டும் எரிக்கேல்லை, ஆனா வோச்சுக்கு அது விளங்காது, துடிப்பு கூடினா கலோரியும் கூட எண்டு போட்டுவிடும். அற்றெனோலோல் மாதிரிப் பிறசர் குளிசை போடுறவைக்கு இது தலைகீழ், துடிப்பு ஏறாதபடியா வோச் குறைச்சுக் காட்டும். கிறவல் றோட்டில மோட்டச்சைக்கிள் ஓடினதையும் அடி நடந்ததாக் கணக்கில சேர்க்கிற வோச்சுகளும் இருக்கு, அதை என்னெண்டு சொல்லுறது!

இனிக் கணக்குக்கு வருவம். மெற் எண்டு ஒரு அளவு இருக்கு. கதிரையில சும்மா இருக்கேக்க எரியிறது 1 மெற், அதாவது ஒரு கிலோ நிறைக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 கலோரி. உங்கட வேகத்தில நடக்கிறது 4 மெற்றுக்குச் சொட்டுக் கூட, ஆறுதலாச் சைக்கிள் ஓடுறதும் 4 தான், மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில காலால ஓடினா 8 மட்டில வரும். அப்ப உங்களுக்கு 80ஐ 4ஆல பெருக்கினா 320. ஆனா நீங்கள் அந்த நேரம் வீட்டில ரீவி பாத்துக்கொண்டு இருந்தாலும் 80 எரிஞ்சிருக்கும்தானே, அதைக் கழிச்சா நடந்ததால மேலதிகமா எரிஞ்சது 240. கனபேர் இந்த 80ஐக் கழிக்கிறேல்லை, மிசின்களும் அனேகமாக் கழிக்கிறேல்லை. பாத்தா உங்கட போன் சொன்ன 290 அவ்வளவு தூரப் பிழையில்லை. இதுவும் ஆளுக்காள் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், இதைவிடத் துல்லியமா வீட்டில இருந்து எடுக்க ஏலாது. சைக்கிள்காரருக்கு ஒண்டு, சோழகம் அடிக்கிற மாதங்களில எதிர்க்காத்தில உழக்கினா வேகம் குறைவாத்தான் காட்டும், ஆனா எரியிறது கூட, அந்த நாளில வேகத்தை வைச்சுக் கணக்குப் போடாதேங்கோ.

சரி, 240. இப்ப தேத்தண்ணியைப் பாப்பம். ஒரு தேக்கரண்டி சீனி மட்டமா அள்ளினா 16 கலோரி. ஒரு நாளைக்கு நாலு பிளேன்ரீ, ஒவ்வொண்டுக்கும் மூண்டு கரண்டி எண்டா 12 கரண்டி, 190 கலோரிக்கு மேல. நடந்ததில முக்கால்வாசி அதுக்குள்ள போட்டுது, குவிச்சு அள்ளுற ஆளெண்டா முழுக்கவும் போகும். பொரியலில ஊறின எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120, கொத்துரொட்டியைப் பற்றி நான் கதைக்கவே இல்லை. அதால எரிச்சதைச் சாப்பிட்டுத் திருப்பி நிரப்புற பழக்கத்தை முதல்ல நிப்பாட்டுங்கோ, நடந்த நாளிலயும் நடக்காத நாளிலயும் ஒரே அளவு சாப்பாடு.

வோச்சை எறியவேண்டாம், நேற்றையைவிட இண்டைக்குக் கூட நடந்தனோ எண்டு பாக்க அது காணும். நிறையைக் கிழமைக்கு ஒருக்கா, விடிய கக்கூசுக்குப் போனபிறகு, சாப்பிட முதல், ஒரே தராசில பாத்து எழுதுங்கோ, நடந்து முடிஞ்ச கையோட பாக்காதேங்கோ, அப்ப குறைஞ்சிருக்கிறது வேர்வைத் தண்ணி, ஒரு செம்பு தண்ணி குடிச்சா திரும்பி வந்திடும். இடுப்பு அளவையும் எழுதுங்கோ. ஒரு மாசம் போயும் ரெண்டும் அசையேல்லை எண்டா இரவுச் சோத்தில ஒரு அகப்பையைக் குறையுங்கோ, கணக்கு எங்க பிழைச்சது எண்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சீனிக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டு நடையைத் திடீரெண்டு கூட்டாதேங்கோ, சீனி இறங்கி மயங்கலாம், முதல் உங்கட டொக்டரோட கதையுங்கோ. நடக்கேக்க நெஞ்சு இறுக்கினா, கைக்கோ தாடைக்கோ நோ இழுத்தா, அந்த இடத்திலயே இருந்து ஆரையும் கூப்பிட்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.