ரெயூனியன் போன வீராசாமியை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வீராசாமி, காரைக்காலில் கப்பலேறி ரெயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனாராம். திரும்பவே இல்லை. அங்கே அவருக்குப் பிள்ளைகுட்டி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா? எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. (வாசகி, திருநள்ளாறு)

பதில்: முடியும் அம்மா. இங்கே காகிதம் இல்லாவிட்டாலும் தீவில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கித் தருவதுதான் புதுச்சேரியில் என் தொழில். இப்படித் தேடி வருகிறவர்களிடம் முதலில் அவருடைய அப்பா பெயர் என்ன என்றுதான் கேட்பேன். வீராசாமி என்று ஒருவரா கப்பலேறினார்? அப்பா பெயரும் ஊரும் சேர்ந்தால்தான் அவர் உங்கள் வீராசாமி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்தது காலம். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தத் தீவில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் பகுதி ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்திவிட்டது. கொள்ளுத்தாத்தா பிறந்த வருடத்தை உத்தேசமாகச் சொல்ல முடிந்தால், அண்ணன் இதில் எந்தப் பத்தாண்டில் போயிருப்பார் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊர் ஊராக மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிந்தார்கள். இந்தப் பதிவுக்குப் பெயர் 'எத்தா சிவில்'; புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குச் சொன்னால் தெரியும். ரெயூனியனுடைய அந்தப் பழைய ஏடுகளைப் படமெடுத்து, எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக்காப்பகம் தன் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை தயாரித்த அகர வரிசைப் பட்டியலை முதலில் பார்த்தால் பாதி வேலை குறையும். எந்த ஊர் என்று தெரியாவிட்டால் சேன்-ஆந்த்ரேயில் தொடங்குங்கள். தமிழர்கள் நிறையப் பேர் குடியிருந்த பகுதி அது.

எழுத்தைப் பற்றி ஒன்று. தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தர் எழுதுவார். வீராசாமியில் 'ச'வுக்கு இரண்டு எஸ் இருக்கும். முனுசாமி என்றால் உகரத்துக்கு 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்துப் போடுவார். ஒரே ஆளின் பெயர் கல்யாணப் பதிவில் ஒரு விதமாகவும் இறப்புப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எண் தெரிகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளுக்குத் தீவில் கொடுத்த பதிவெண் அது. எழுத்து எப்படி மாறினாலும் எண் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான்.

இறப்புப் பதிவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உறவினர் யாரும் இல்லாமல் செத்துப்போனவருக்கு, பெற்றோர் பெயர் தெரியாது என்று எழுதி முடித்திருப்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். கல்யாணப் பதிவுதான் பொக்கிஷம். வயது, பிறந்த ஊர், இரண்டு பக்கத்துப் பெற்றோர், சாட்சிகள் எல்லாம் வரும்.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஜோசப் வீராசாமி, மரி வீராசாமி என்று தேடுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணம் பதியாதவர்களின் பிள்ளைகள் அம்மா பெயரிலேயே கிடப்பார்கள். பிறகு அப்பா முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தால் அது பிறப்புப் பதிவின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஓரத்தைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். முன்னோரைத் தேட மேரிப் பதிவு போதுமா, பங்குக் கோயில் ஏட்டையும் பார்க்க வேண்டுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இரண்டையும் பாருங்கள். ஞானஸ்நான ஏட்டில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் அவர்கள் மாமன், அத்தை, சித்தப்பா என்று நெருங்கிய சொந்தம்தான். மேரிப் பதிவில் கிடைக்காத கிளையை இந்தப் பெயர்கள் காட்டிவிடும். ஞானஸ்நானம் கொடுத்த தேதியைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் போங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் தாத்தா தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குப் போனவர். அங்கேயும் இதே வழியா? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை, உங்களுக்குக் கொஞ்சம் சுலபம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அது முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கும் கப்பல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அப்புறம் ஆளுக்கொரு எண். அசல் ஏடுகள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. வேலூர் அன்றைக்கு வட ஆற்காடு ஜில்லா. அந்தப் பெயரில் தேடுங்கள்.