கர்ட் ஃப்ளட்டுக்கு மட்டும் ஏன் பாதி கட்டுரை? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

20ஆம் நூற்றாண்டு பேஸ்பால் ஆட்டக்காரங்க பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். வில்லி மேஸுக்கு ஒரு பத்தி, ராபர்ட்டோ கிளெமென்டேக்கு ஒரு பத்தி, ஆனா கர்ட் ஃப்ளட்டுக்கு மட்டும் பாதி கட்டுரை. நான் அமெரிக்கா வந்து ஆறு வருஷம் ஆச்சு, பையன் லிட்டில் லீக் ஆடறான், அவனாலதான் இந்த ஆட்டமே எனக்கு புரிய ஆரம்பிச்சுது. நீங்க எழுதுனீங்கன்னு ஃப்ளட்டோட கணக்க எடுத்து பாத்தேன். 1,861 ஹிட், ஆவரேஜ் .293, ஹோம் ரன் வெறும் 85. மேஸ் 660 ஹோம் ரன் அடிச்சவர், கிளெமென்டே சரியா 3,000 ஹிட். பெரிய ஆட்டக்காரங்கள கௌரவிக்குற ஹால் ஆஃப் ஃபேம்லகூட ஃப்ளட் இல்ல. 1968 ஃபைனல்ல முக்கியமான பந்தையும் விட்டிருக்கார், அதனாலதான் டீம் அவர வேற டீமுக்கு வித்துடுச்சுன்னு என்கூட வேலை பாக்குறவர் சொல்றார். அப்புறம் வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்கிட்டு தன்னை அடிமைன்னு சொல்லிக்கிட்டது கொஞ்சம் ஓவரா தெரியுது. அந்த மாத்தல எதுத்து போட்ட கேஸும் தோத்துட்டார். வீரர்கள ஒரே டீமோட கட்டிப் போட்ட ரூல உண்மையிலேயே உடைச்சது மெசர்ஸ்மித்துன்னு ஒருத்தர் தானே? தப்பா கேட்டிருந்தா மன்னிக்கணும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பா ஒண்ணும் கேக்கல. கணக்க எடுத்து பாத்துட்டு கேட்டிருக்கீங்க, அதுவே எனக்கு சந்தோஷம். ஆனா நீங்க பாத்தது பேட்டிங் டேபிள் மட்டும்னு நினைக்கிறேன், ஃப்ளட்டோட வாழ்க்கை அங்க இல்ல, அவர் நின்ன இடம் சென்டர் ஃபீல்ட். மைதானத்துலயே ரொம்ப பரந்த ஏரியா அதுதான், இடது வலது ரெண்டு பக்கத்துக்கும் ஓடணும், பந்து பேட்ல படற சத்தத்த வச்சே எங்க விழும்னு முடிவு பண்ணி முதல் அடி எடுத்து வைக்கணும். பெரிய லீக் ரெண்டுல ஒண்ணான நேஷனல் லீக்ல அவுட்ஃபீல்டர்களுக்கு, அதாவது பின்னாடி தூரத்துல நிக்கறவங்களுக்கு, நல்ல ஃபீல்டிங்குக்காக வருஷா வருஷம் மூணு கோல்ட் க்ளவ் விருது குடுப்பாங்க. 1963லேர்ந்து 1968 வரைக்கும் ஆறு வருஷமும் அந்த மூணு பேரு யாருன்னு பாருங்க: மேஸ், கிளெமென்டே, ஃப்ளட். நீங்க யார வச்சு இவர அளந்தீங்களோ அதே ரெண்டு பேரு பக்கத்துலதான் ஆறு வருஷமும் நின்னிருக்கார், 1969லயும் சேத்து மொத்தம் ஏழு. 1966 சீசன் முழுக்க ஒரு எரர் கூட, அதாவது ஒரு ஃபீல்டிங் தப்பு கூட, இல்ல. 1965 கடைசியிலேர்ந்து 1967 ஜூன் வரைக்கும் தொடர்ச்சியா 226 மேட்ச்ல ஒரு தப்பு பண்ணல. உங்க பையன் ஆடற ஆட்டத்த பாத்திருப்பீங்க, அவன் வயசு பசங்க ஒரு மேட்ச்ல எத்தன பந்த விடறாங்கன்னு நினைச்சு பாத்தீங்கன்னா இந்த 226 என்னன்னு உங்களுக்கே பிடிபடும்.

பேட்டிங்கும் நீங்க சொல்ற அளவுக்கு மோசமில்ல. 1964ல 211 ஹிட், அந்த வருஷம் லீக்லயே அதிகம், கிளெமென்டேயும் அதே 211. 1968ல பவுலர்ங்க, அதாவது பிட்சர்ங்க, எல்லாரையும் சுருட்டி எடுத்த வருஷத்துல இவரு .301. அந்த ஆகஸ்ட்ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அட்டையில இவர் படத்த போட்டு பேஸ்பால்லயே சிறந்த சென்டர் ஃபீல்டர்னு எழுதுனாங்க.

அதே வருஷம் அக்டோபர்ல தான் நீங்க சொன்ன அந்த பந்து. ஃப்ளட்டோட டீம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் ஆடுன வேர்ல்ட் சீரிஸ், ஏழாவது மேட்ச், ஏழாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 0-0. ரெண்டு பேர் அவுட், ரெண்டு பேர் பேஸ்ல. கார்டினல்ஸ் பிட்சர் பாப் கிப்சன் போட்ட பந்த டெட்ராய்ட்டோட ஜிம் நார்த்ரப் தூக்கி அடிச்சார். ஃப்ளட் முதல்ல முன்னாடி வந்துட்டார், அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு திரும்பும்போது கால் வழுக்கிடுச்சு, பந்து தலைக்கு மேல போயி ரெண்டு ரன். டெட்ராய்ட் 4-1ல ஜெயிச்சுது. நடந்தது உண்மை, அதுல மறைக்க ஒண்ணுமில்ல, என் தப்புதான்னு ஃப்ளட்டே சொன்னார், கிப்சன் அவர குத்தம் சொல்லல. ஆனா அந்த பந்துனாலதான் வித்தாங்கன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். அதுக்கப்புறம் ஒரு முழு சீசன் அதே டீமுக்கு ஆடி, கோல்ட் க்ளவும் வாங்கிட்டுதான் போனார். 1969 ஆரம்பத்துல சம்பளத்துக்காக வீரர்கள் வாதாடுனது, டீம் ஓனரா இருந்த பீர் கம்பெனி முதலாளி ஆகஸ்ட் புஷ் எல்லாரையும் உக்கார வச்சு பத்திரிகைக்காரங்க முன்னாடியே பாடம் எடுத்தது, இப்படி அங்க வேற கசப்பும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

1969 அக்டோபர்ல டீம் ஆபிஸ்லேர்ந்து ஒரு ஆளு போன் பண்ணி உன்ன ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தியாச்சுன்னு சொல்றார். 12 வருஷம் ஆடுன ஊரு, ரெண்டு வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சு குடுத்த டீம், ஒரு போன் கால்ல முடிஞ்சுது. ஃபிலடெல்ஃபியா எப்படிப்பட்ட ஊருன்னு அவருக்கு தெரியும், ஏன்னா அதே டிரேட்ல அங்கேர்ந்து செயின்ட் லூயிஸுக்கு வந்தவர் டிக் ஆலன், அவரும் கறுப்பினத்தவர், சொந்த ஊர் ரசிகர்களே பொருள தூக்கி எறிஞ்சதால ஃபீல்டிங் பண்ணும்போதும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு நின்னவர்.

இப்ப அந்த ரூல் என்னன்னு சொல்லிடறேன், இது புரியலன்னா மத்தது எதுவும் புரியாது. ரிசர்வ் க்ளாஸ்னு பேரு, 1879லேர்ந்து இருந்துச்சு. வீரர் காண்ட்ராக்ட்ல ஒரு வரி: கையெழுத்து போடலைன்னாலும் டீம் இன்னும் ஒரு வருஷத்துக்கு அத தானா புதுப்பிச்சுக்கலாம். அந்த புதுப்பிச்ச காண்ட்ராக்ட்லயும் அதே வரி இருக்கு, அதனால மறுபடியும் புதுப்பிக்கலாம், மறுபடியும், மறுபடியும், அவன் ஆட்டத்த விடற வரைக்கும்னு ஓனர்ங்க அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. டீம் உன்ன யாருக்கு வேணா மாத்தி விடலாம், எப்ப வேணா கழட்டி விடலாம், நீ மட்டும் வேற டீம்கிட்ட போயி எனக்கு என்ன குடுப்பீங்கன்னு கேக்க முடியாது. வேற எந்த தொழில்ல இப்படி பண்ணாலும் ஏகபோகத்த தடுக்குற சட்டம் பாயும். ஆனா பேஸ்பால் மாநிலம் விட்டு மாநிலம் நடக்குற வியாபாரமே இல்லன்னு 1922ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, 1953ல அதையே திரும்ப உறுதி பண்ணுச்சு. குத்துச்சண்டைக்கும் ஃபுட்பாலுக்கும் இந்த சலுக இல்ல, பேஸ்பாலுக்கு மட்டும்.

அடிமைங்கற வார்த்த ஓவர்னு எழுதியிருக்கீங்க. அந்த 90,000 டாலர் கேள்விய 1970 ஜனவரியில டிவியில ஸ்போர்ட்ஸ் நிருபர் ஹோவர்ட் கோசெல் அவர்கிட்டயே கேட்டார். நல்ல சம்பளம் வாங்குற அடிமையும் அடிமைதான்னு பதில் சொன்னார். அந்த வார்த்தைய அவர் எங்கேர்ந்து எடுத்தார்னு தெரிஞ்சுக்கணும்னா 18 வயசு ஃப்ளட்ட பாக்கணும். ஓக்லண்ட்ல வளந்த பையன், ஜார்ஜ் பவுல்ஸ்ங்கற கோச்சுகிட்ட பழகுனவன், 1956ல சின்சினாட்டி ரெட்ஸ் கையெழுத்து வாங்கி நார்த் கரோலினா, அடுத்த வருஷம் ஜார்ஜியான்னு தெற்குப் பக்க சின்ன லீக்குக்கு அனுப்புது. டீமோட ஒண்ணா சாப்பிட முடியாது, ஒரே ஹோட்டல்ல தங்க முடியாது. ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் இருந்தப்ப, முதல் மேட்ச் முடிஞ்சு எல்லாரும் யூனிஃபார்ம கழட்டி துவைக்க ஒரே குவியலா போட்டாங்க, இவரும் போட்டார். அங்க வேலை பாத்த ஆளு கத்திக்கிட்டே வந்து ஒரு குச்சியால இவர் துணிய மட்டும் தனியா எடுத்து, கறுப்பினத்தவங்க துணி துவைக்குற கடைக்கு அனுப்புனான். மத்தவங்க ரெண்டாவது மேட்ச்சுக்கு கிளம்பி போயிட்டாங்க, இவரு துணி வர்ற வரைக்கும் உடம்புல ஒட்டுத்துணி இல்லாம உக்காந்திருந்தார். இத பின்னாடி அவரே சொல்லியிருக்கார். இத படிச்சதுக்கப்புறம் அந்த வார்த்தைய ஓவர்னு சொல்ல எனக்கு மனசு வரல.

1969 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு ஃப்ளட் லெட்டர் எழுதறார். 12 வருஷம் ஆடுனதுக்கு அப்புறம், என் விருப்பத்த கேக்காம வாங்கி விக்குற சொத்து நான் இல்ல, மத்த டீம்ங்களோட பேச்சுவார்த்தையும் கேக்க எனக்கு உரிமை இருக்குன்னு. கூன் மறுத்துட்டார். ஃப்ளட் ஃபிலடெல்ஃபியாவுக்கு போகாம கேஸ் போட்டார். வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் முன்னாடியே எச்சரிச்சிருந்தார், இதுல ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம், ஜெயிச்சாலும் உனக்கு ஒண்ணும் கிடைக்காது, பேஸ்பால்ல இனி உனக்கு வேலையே இருக்காதுன்னு. மத்த வீரர்களுக்கு இதனால நல்லது நடக்குமான்னு ஃப்ளட் கேட்டார். நடக்கும், இனிமே வரப்போறவங்களுக்கும்னு மில்லர் சொன்னார். அது போதும்னுட்டார். ஃபிலடெல்ஃபியா 1 லட்சம் டாலர் குடுக்க ரெடியா இருந்துச்சு, வயசு 32கூட ஆகல.

1970 மே மாசம் நியூயார்க்ல விசாரணை. பெரிய லீக்ல நிறத்தடைய உடைச்ச ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார், அப்ப அவருக்கு உடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சு. பழைய ஸ்டார் ஹாங்க் கிரீன்பெர்க் வந்தார். அந்த நேரத்துல ஆடிக்கிட்டிருந்த வீரர்கள்ல ஒருத்தரும் சாட்சி சொல்ல வரல, கோர்ட்ல வந்து கூட உக்காரல. சங்கம் ஓட்டு போட்டு ஆதரவு குடுத்துச்சு, வக்கீல் செலவ ஏத்துக்கிச்சு, அதெல்லாம் சரி, ஆனா கூட ஆடுன ஒரு ஆளு வந்து பின்னாடி பெஞ்ச்ல உக்காந்திருக்கலாம். வந்தா அவங்க வேலைக்கு ஆபத்துன்னு பயந்திருப்பாங்க, புரியுது, இருந்தாலும் இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

1972 ஜூன் 19ல சுப்ரீம் கோர்ட் 5-3ல அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. ஒம்பதாவது ஜட்ஜ் பவல், அந்த பீர் கம்பெனியில அவருக்கு ஷேர் இருந்ததால விலகிக்கிட்டார். தீர்ப்ப எழுதுனவர் ஜட்ஜ் பிளாக்மன். ஆரம்பத்துலயே பேஸ்பால் வரலாற்ற புகழ்ந்துட்டு 80க்கும் மேல பழைய பேஸ்பால் ஆளுங்க பேர வரிசையா எழுதுறார், டை காப், பேப் ரூத், லூ கெரிக்னு. கூட தீர்ப்பு சொன்ன ரெண்டு ஜட்ஜே அந்த பகுதிக்கு மட்டும் நாங்க கையெழுத்து போட மாட்டோம்னு ஒதுங்கிட்டாங்க. பேஸ்பால் மாநிலம் தாண்டுன வியாபாரம்தான், இந்த விதிவிலக்கு முரணானதுதான்னும் பிளாக்மன் ஒத்துக்கிட்டார், ஆனா 50 வருஷமா இருக்கு, மாத்தணும்னா காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், மாத்தட்டும்னு முடிச்சிட்டார். அவர் பட்டியல் போட்டதுல பெரும்பாலானவங்க அந்த ஒரு வரிக்கு கட்டுப்பட்டு சம்பளம் வாங்குனவங்க. அந்த வரிய எதுத்து எதிர்ல நின்ன ஆளுக்கு நியாயம் கிடைக்கல. 1953 தீர்ப்புல சேந்திருந்த ஜட்ஜ் டக்ளஸ், அதுக்காக இப்ப வருத்தப்படறேன்னு மாற்றுத் தீர்ப்புல எழுதுனார், அந்த ஒரு வரிக்காக எனக்கு அவர்மேல மரியாத உண்டு.

மெசர்ஸ்மித் விஷயத்துக்கு வர்றேன், அங்க நீங்க சொல்றது பாதி சரி. 1975 டிசம்பர் 23ல நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒரு வருஷ புதுப்பிப்புன்னா ஒரே வருஷம்தான், அதுக்கு மேல இல்லன்னு ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நேலின்னு ரெண்டு பிட்சர்களுக்கும் விடுதலை குடுத்தார். ஓனர்ங்க உடனே சைட்ஸ வேலைய விட்டு தூக்குனாங்க, ஆனா தீர்ப்பு நின்னுடுச்சு. அந்த நடுவர் எங்கேர்ந்து வந்தார்? முன்னாடியெல்லாம் தகராறு வந்தா கமிஷனர்தான் முடிவு சொல்லணும், அவர் ஓனர்ங்க வச்ச ஆளு. வெளி நடுவர்ங்கற ஏற்பாடு ஒப்பந்தத்துல வந்தது 1970ல, ஃப்ளட் கேஸ் நடந்துக்கிட்டிருந்த அதே நேரம். கோர்ட்ல ஓனர்ங்க இதெல்லாம் சங்கத்தோட பேசி தீத்துக்க வேண்டிய விஷயம்னு வாதாடிக்கிட்டே வெளியில பேச மாட்டோம்னு சொல்ல முடியாம போச்சு. 1973ல வந்த இன்னொரு விதி: 10 வருஷம் ஆடி அதுல கடைசி 5 வருஷம் ஒரே டீம்ல இருந்தா, அவர் சம்மதம் இல்லாம மாத்த முடியாது. ஃப்ளட் ரூல்னே அத சொல்றாங்க, அவருக்கு அது உதவல. 1976ல சராசரி சம்பளம் 51,000 டாலர் சொச்சம், 1980ல 1,43,000க்கு மேல. மெசர்ஸ்மித் நடந்து போனது ஃப்ளட் வெட்டி வச்ச பாதையிலதான், இது என்னோட தீர்மானமான கருத்து.

ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல அவருக்கு அதிகபட்சமா கிடைச்சது 15 சதவீதம் சொச்சம், தேவை 75. ஓட்டு போட்டவங்களும் உங்கள மாதிரி அந்த 1,861ஐத்தான் பாத்திருப்பாங்க. 1997 ஜனவரி 20ல தொண்டை புற்றுநோயில இறந்தார், வயசு 59. அடுத்த வருஷம் காங்கிரஸ் அவர் பேர்லயே சட்டம் போட்டு, பெரிய லீக் வீரர்கள் வேலை விஷயத்துல அந்த விதிவிலக்க எடுத்துடுச்சு.

நீங்க பாத்த டேபிள மறுபடி ஒரு தடவ திறங்க. 1969க்கு அடுத்த வரி 1971ன்னு இருக்கும், 1970க்கு வரியே இருக்காது. அந்த 1971 வரி வாஷிங்டன் செனட்டர்ஸுக்காக, 13 மேட்ச், 35 தடவ பேட் புடிச்சு 7 ஹிட், .200. ஒன்றரை வருஷம் ஆட்டம் இல்லாம, கடன், குடி, மிரட்டல் லெட்டர்ங்கன்னு உடைஞ்சு போயிருந்த ஆளு திரும்பி வந்து நின்னு பாத்திருக்கார். ஏப்ரல் மாசக் கடைசியில யார்கிட்டயும் சொல்லாம கிளம்பி ஏர்போர்ட் போயி ஓனருக்கு தந்தி அடிச்சார், முயற்சி பண்ணேன், ஒன்றரை வருஷம்ங்கறது ரொம்ப அதிகம்னு. அப்படியே ஸ்பெயின் போயிட்டார்.

டிக் ஆலன் பத்தி தனியா எழுதணும்னு ரொம்ப நாளா இருக்கு, அவர் 2025ல தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள போனார், இறந்து அஞ்சு வருஷம் கழிச்சு. அடுத்த மாசம் எழுதறேன். பையன் எந்த பொசிஷன் ஆடறான்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.

அன்புடன்.