லண்டனுக்கு வந்திருக்கும் 65 வயது அப்பாவை, விண்ட்சர் கிரேட் பார்க்கில் ஜி.பி.எஸ். வைத்துப் புதையல் தேடும் நடைக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போனை நீங்கள் வைத்துக்கொண்டு "அப்பா இப்படி வாங்க, பார்த்து வாங்க" என்று ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தால், அவர் வீட்டில் உட்கார்ந்து சீரியலே பார்க்கட்டும்.

உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது. அவர் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். டவர் பிரிட்ஜ், மெழுகுச் சிலை, கோயில் எல்லாம் பார்த்து முடித்திருப்பீர்கள். நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டில் எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டி வெளியே வருகிறது என்று மனப்பாடம் செய்திருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். ஸ்லௌவில் மகள் வீடு. எனக்கு வயது 67. தருமபுரிப் பக்கம் 33 வருடம் நில அளவையில் இருந்து, பிர்கா சர்வேயராக ஓய்வு பெற்றவன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அன்று நடந்ததை என் மாப்பிள்ளை எல்லா விருந்திலும் தன் பாணியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தரப்பும் ஓரிடத்தில் பதிவாகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதையல் என்றதும் மண்வெட்டியோடு கிளம்பிவிடக் கூடாது. ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். அதுவரை சாதாரண ஆள் கையில் இருந்த கருவி நூறு மீட்டர் வரை தப்புக் காட்டும். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு பக்கெட்டை வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டு, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்றார். உள்ளே ஒரு டப்பா பீன்ஸ்கூட இருந்ததாம். அங்கே ஆரம்பித்த விளையாட்டு இது. பெட்டி வைத்து ஆடுவதென்றால் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், புதைக்கவும் கூடாது. நாங்கள் ஆடியது பெட்டியே இல்லாத வகை. மகளின் தோழி ஒரு தாளில் ஐந்து இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி, இடத்துக்கு ஒரு கேள்வி போட்டுக் கொடுத்திருந்தார். விடைகளாக வரும் எண்களைச் சேர்த்தால் ஆறாவது இடம் கிடைக்கும்.

செப்டம்பர் கடைசி வாரம். நான், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேத்தி. மகள் காரை எடுத்துக்கொண்டு மறுகோடியில் உள்ள வர்ஜீனியா வாட்டர் ஏரிக்கு வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. விண்ட்சர் கோட்டை வாசலுக்குத் தெற்கே 'லாங் வாக்' என்ற பாதை தொடங்குகிறது. 4.2 கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. 1680-களில் இரண்டாம் சார்லஸ் இருபுறமும் எல்ம் மரம் நட்டுப் போட்ட பாதை. பின்னால் எல்ம்களுக்கு நோய் வந்து, 1940-களில் குதிரைச் செஸ்ட்நட்டும் பிளேன் மரமும் வைத்தார்கள். மரம் மாறினாலும் கோடு மாறவில்லை. நூல் பிடித்த மாதிரி அந்தப் பாதையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிப்பீர்கள். சங்கிலி பிடித்து நேர்க்கோடு போட்டு, நடுவில் கிணறும் முள்வேலியும் வந்து மறிக்க, ஆப்செட் எடுத்தே, அதாவது பக்கவாட்டில் விலகி அளந்தே, வாழ்நாளைக் கழித்தவனுக்குத்தான் அது தெரியும்.

"மாமா, நீங்க சர்வேயர் ஆச்சே, நீங்களே போடுங்க" என்று மாப்பிள்ளை போனை நீட்டினார். போட்டேன். அம்புக்குறி பாதையை விட்டுவிட்டு இடப்பக்கம் வேலியைக் காட்டியது. கீழே தூரம்: 84 கிலோமீட்டர்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். வரைபடத்தைச் சுருக்கினார். "புதையல் கென்ட் பக்கம், மெட்வே ஆறு கடலில் சேர்ற இடத்துக்கிட்ட இருக்கு மாமா. படகு சொல்லட்டுமா?" என்றார். பேத்தி புல்லில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு நிற்கவில்லை.

நடந்தது இதுதான். தீர்க்கரேகை சுழி டிகிரி 36 நிமிடம் மேற்கு. நான் கிழக்கு என்று போட்டுவிட்டேன். பூஜ்ஜியக் கோடு லண்டனிலேயே கிரீனிச்சில் ஓடுகிறது. விண்ட்சர் அதற்கு மேற்கே. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம் ஊரில் பிறந்து, நம் ஊரிலேயே அளந்த கைக்கு, தீர்க்கரேகை என்றால் கிழக்குதான். 78 டிகிரி கிழக்கு, 79 டிகிரி கிழக்கு. அதில் யோசிக்க எதுவுமே இருந்ததில்லை. "ஒரு சர்வேயருக்கு இதுகூடத் தெரியாதா" என்று பின்னூட்டம் போட விரல் துடிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் காலத்து வேலை சங்கிலி, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப், புலப்படம். பக்கத்துக் கல்லில் இருந்து எத்தனை லிங்க், அதாவது சங்கிலியில் எத்தனை கண்ணி, என்பதுதான் கணக்கு. கிரீனிச் எங்கே இருக்கிறது என்று எந்தப் பட்டாதாரரும் என்னிடம் கேட்டதில்லை.

சரி, நடந்தோம். எதிரே குன்றின் மேல் குதிரைச் சிலை தெரிகிறது, நடக்க நடக்க அது கிட்டத்தில் வரவே மாட்டேன் என்கிறது. வழியில் மான் பூங்கா. இரண்டாம் உலகப் போரில் பயிர் வைக்க மான்களை அப்புறப்படுத்திவிட்டு, 1979-ல்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்களாம். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்களுக்கு மதம் பிடிக்கும் காலம். அது கத்துவது மான் மாதிரியே இருக்காது. தொண்டை கட்டின எருமை மாதிரி இருக்கும். ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அப்பா போட்டோ எடுக்கிறேன் என்று கிட்டே போனால் அங்கே மட்டும் அதட்டலாம், தப்பில்லை.

குன்றின் மேல் இருப்பது மூன்றாம் ஜார்ஜ். பெயர்தான் 'செப்புக் குதிரை'. பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம். 1831-ல் நிறுத்தினார்கள். செய்தவர் ரிச்சர்ட் வெஸ்ட்மகாட். பீடத்தில் லத்தீனில் 'மிகச் சிறந்த தந்தைக்கு' என்று மகன் நான்காம் ஜார்ஜ் எழுத வைத்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது அப்பாவும் மகனும் ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த கதை. (உங்கள் அப்பாவை நடைக்கு அழைத்துப் போக நினைத்தீர்களே, நல்ல பிள்ளை.)

கேள்வி பீடத்து எழுத்தைப் பற்றியது. அதைப் பேத்தி பார்த்துக்கொண்டாள். நான் அண்ணாந்து ராஜாவின் காலைப் பார்த்தேன். கால் வைக்கும் அங்கவடியைக் காணோம். சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில், மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் அங்கவடி கிடையாது, சேணமும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று மெட்ராஸில் ஒரு கதை உண்டு. விண்ட்சரிலும் அச்சு அசலாக அதே கதை! இரண்டும் கட்டுக்கதைதான். பழைய ரோமானியக் குதிரைச் சிலைகளில் அங்கவடி இருக்காது, அந்தப் பாணியில் செய்தது. ஆனாலும் அந்த மன்றோ எங்கள் ஆள். எங்கள் தருமபுரிப் பக்கத்தை அப்போது பாரமகால் என்பார்கள். அங்கே 1792-லிருந்து ஏழு வருடம் இருந்து நிலத்தை அளந்து, வரி போட்டு, உழவரிடமே நேராக வரி வாங்கும், பின்னால் ரயத்துவாரி என்று பெயர் வாங்கிய முறைக்கு அங்கேதான் கைப்பழக்கம் பெற்றார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய சர்வேயர்கள் அவர் பெயரைச் சொல்லும் தோரணையே வேறு. வெள்ளைக்காரனைப் புகழ்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வரி கறந்தது தனி, கல் ஒழுங்காக நட்டது தனி.

மூன்றாம் ஜார்ஜுக்கும் எங்கள் தொழிலுக்கும்கூட ஒட்டு உண்டு. 1784-ல் ஜெனரல் ராய் லண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோ ஹீத்தில் அடிக்கோடு (மற்ற அளவெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும்) அளந்தபோது இவர் ஆதரவு இருந்தது. அந்தக் கோட்டின் நுனிகளில் பீரங்கிகளைச் செங்குத்தாகப் புதைத்தார்கள். ஒன்று இன்றும் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரத்தில் நிற்கிறது. 1802-ல் இந்தியாவை அளக்கக் கிளம்பிய லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளந்ததும் இவர் ஆட்சியில்தான். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் "ஓகோ" என்றார். 84 கிலோமீட்டருக்குப் பிறகு என் சரித்திரத்துக்கு மரியாதை இல்லை.

அடுத்தது கம்பர்லாந்து கோமகனின் தூண். அது சும்மா வெட்டவெளி, ஒரு நிமிட வேலை. சிக்கல் நான்காவதில். தூணைத் தாண்டி மரங்களுக்குள் ஒரு கிழட்டு ஓக், அதில் அடித்திருக்கும் தகட்டின் எண்ணை எழுது என்றது தாள். போய்ப் பார்த்தால் மூன்று ஓக் மரங்கள், மூன்றிலும் ஒரு ரூபாய் அளவில் உலோகத் தகடு. போன் ஆறு மீட்டர் என்கிறது, நகராமல் நிற்கும்போதே பதினான்கு என்கிறது, பிறகு ஒன்பது. இலையிலும் அடிமரத்திலும் பட்டு வரும் சிக்னல் அப்படித்தான் பேசும். மாப்பிள்ளை தடியான மரத்தைக் கைகாட்டி "இதுதான்" என்று எண்ணை எழுதிக்கொண்டார்.

"இருங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஐம்பது எட்டு தள்ளி மரமில்லாத வெளி ஒன்று இருந்தது. அங்கே ஒரு வெட்டுமரக் கட்டைமேல் போனை வைத்து யாரையும் தொடவிடாமல் ஐந்து நிமிடம் விட்டேன். பத்துத் தடவை எண்களைக் குறித்து சராசரி எடுத்தேன். அங்கிருந்து இலக்குக்கு 38 மீட்டர், கோணம் 205 டிகிரி. பேத்தியைத் திசைகாட்டியோடு பின்னால் நிறுத்தி, "தாத்தா கோட்டை விட்டு விலகினா கத்து" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி. செயின்மேன் வராத நாட்களில் பழகியது. ஐம்பதாவது எட்டில் மூக்குக்கு நேரே நடு மரம். மூன்றில் அதுதான் ஒல்லி. தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், ஈயம் பூசின மாதிரி மங்கல், ஓரத்தில் மரப்பட்டை வளர்ந்து விளிம்பை விழுங்க ஆரம்பித்திருந்தது.

அந்த எண்தான் கடைசி இடத்தின் அட்சரேகையில், நிமிடத்தில் புள்ளிக்குப் பின்னால் வருவது. மூன்றாம் இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் இலக்கம் மாறினால் நூற்றுக்கணக்கில் போய்விடும். மாப்பிள்ளையின் மரத்து எண்ணைப் போட்டுப் பார்த்தோம். ஏரி நடுவில் விழுந்தது. "படகு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். இந்தப் பகுதியை அவர் விருந்துகளில் சொல்வதில்லை.

ஐந்தாவது, நூறு அடி உயரக் குலக்கம்பம், அதாவது குலச்சின்னங்கள் செதுக்கிய மரம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு நூறு ஆண்டு நிறைந்ததற்காக 1958-ல் வந்தது, ஆண்டுக்கு ஓர் அடி. முங்கோ மார்ட்டின் என்ற பூர்வகுடிச் சிற்பியின் வேலை. பேத்திக்கு அன்று முழுக்கப் பிடித்தது இது ஒன்றுதான்.

ஆறாவது இடம் ஏரிக்கரையில் ரோமானியத் தூண்கள். லிபியாவில் லெப்டிஸ் மாக்னாவில் இருந்து 1816-ல் கிளப்பிய கற்கள். கொஞ்ச காலம் பிரிட்டிஷ் மியூசிய முற்றத்தில் கிடந்து, 1820-களில் இங்கே கொண்டுவந்து பாழடைந்த கோயில் மாதிரி அடுக்கினார்கள். எங்கேயோ நட்ட கல்லைப் பிடுங்கி இங்கே அழகுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் நட்ட எல்லைக்கற்களில் எத்தனை இன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கின்றனவோ.

மகள் புளியோதரைத் தூக்கோடு அங்கேயே நின்றிருந்தாள். பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறோம், கால் வலித்தது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அதே வாரம் ஊரில் ஓர் அலுவலகத்தில் என் ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் உயிரோடு இருப்பதற்கான சான்று வரவில்லையாம். அனுப்பியிருந்தேன். கிடைத்தது, ஆனால் கைரேகை சரியாகப் பதியவில்லை என்றார்கள். சங்கிலி இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? ஏழு போன், மூன்று மெயில், கடைசியில் தம்பி மகன் நேரில் போய் நின்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்களுக்கு வேண்டியது: உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை, ஏரிக்கரை கார் நிறுத்தத்துக்குப் பணம் உண்டு. கழிப்பறை பூங்காவிலேயே உள்ள சாவில் தோட்டத்து வரவேற்பிடத்திலும் ஏரிக் கார் நிறுத்தத்திலும் இருக்கிறது. லாங் வாக்கில் இறங்கும் முன் ஊருக்குள்ளேயே போய்விட்டு வந்துவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பையில் பிஸ்கட். புல்லில் உண்ணி உண்டு, பேண்டைச் சாக்ஸுக்குள் சொருகச் சொல்லுங்கள், கேட்க மாட்டார். முழங்கால் சரியில்லை என்றால் ஏரிப் பக்கம் மட்டும் போதும், குதிரையைக் காரில் இருந்து கைகாட்டிக்கொள்ளலாம்.

போனை அவர் கையில் கொடுக்கச் சொன்னேன் அல்லவா? கொடுக்கும் முன் அந்த 'டபிள்யூ'வை மட்டும் நீங்களே போட்டுவிடுங்கள்.