வாசகர் கேள்வி – பதில்: இரவு வானில் ஓடிய தீப்பிழம்பு

கேள்வி: 2022 ஏப்ரல் 2, மராட்டியப் புத்தாண்டான குடி பாட்வா நாளன்று இரவு, எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சில ஒளிப்பிழம்புகள் வரிசையாக வானைக் கடந்து போவதைப் பார்த்தோம். எரிகல் பொழிவு என்றார் ஒருவர். விமானம் எரிகிறது என்று பதறினார் இன்னொருவர். பிறகு ராக்கெட்டின் பாகம் என்று செய்தி வந்தது. வெறுங்கண்ணால் பார்ப்பவர்கள் இதைப் பிரித்தறிய முடியுமா? (வாசகி, நாக்பூர்)

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் கவனிக்க வேண்டியது, அது எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதே. விண்கற்கள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைவதால், அவற்றின் ஒளி பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட் பாகமோ நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இறங்குகிறது. எனவே அது நிதானமாக நகர்ந்து, துண்டு துண்டாக உடைந்து, அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் வர, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டும் அளவுக்கு நேரம் கொடுக்கும். நீங்கள் கண்ட வரிசை அத்தகையதுதான். எரிகல் பொழிவில் கற்கள் வானின் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே மின்னி மறையுமே தவிர, இப்படி அணிவகுத்துச் செல்வதில்லை.

அன்றிரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, பர்வானி மாவட்டங்களிலும் பலர் அதைப் பார்த்தார்கள். 2021 பிப்ரவரியில் ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் திரும்பி விழுந்ததாக இருக்கலாம் என்று விண்வெளி ஆய்வாளர் ஜொனாதன் மெக்டவல் கருத்துத் தெரிவித்தார். சந்திரபூர் மாவட்டம் லாட்போரி கிராமத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்ததும், அந்த வட்டாரத்தில் உலோக உருண்டைகள் கிடைத்ததும் அக்கருத்துக்கு வலுச் சேர்த்தன.

ஆனால் நேரத்தை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. 1992 அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தோன்றிய பச்சை நிறத் தீப்பிழம்பு 40 நொடிகளுக்கு மேல் எரிந்தபடி பல மாநிலங்களின் வானைக் கடந்தது. அது உண்மையான விண்கல்தான். மிகச் சாய்வான கோணத்தில் நுழைந்ததால் அவ்வளவு நேரம் நீடித்தது. அதன் 12.4 கிலோ எடையுள்ள துண்டு, நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில் நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்பகுதியைப் பொத்துக்கொண்டு விழுந்தது. கால்பந்துப் போட்டிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவை வானத்துக்குத் திருப்பியதால், பல ஊர்களிலிருந்து வீடியோ பதிவுகள் கிடைத்தன. அந்தக் கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையையே அவற்றைக் கொண்டு கணக்கிட முடிந்தது. தற்செயலாக அங்கே நின்றிருந்த சாதாரண மக்கள் அறிவியலுக்குச் செய்த பேருதவியாகவே நான் அதைக் கருதுகிறேன்.

கேள்வி: ஒரு தீப்பந்து எங்கள் ஊர்த் தோப்புக்குப் பின்னால் விழுந்ததைக் கண்ணால் கண்டேன். விடிந்ததும் போய்த் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. எங்கே போயிருக்கும்?

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை, தொலைவைத்தான் அது தவறாக மதிப்பிட்டுவிட்டது. இருண்ட வானில் ஒளியின் அருகில் ஒப்பிட எதுவும் இல்லாததால், பிரகாசமானதெல்லாம் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். 30 கிலோமீட்டர் உயரத்தில் அணைந்த தீப்பந்து, அடிவானத்துக்கு மேல் 5 பாகை உயரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அது ஏறக்குறைய 280 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருக்கிறது. அதன் பிறகும் கல் மிஞ்சினால், அது ஒளியின்றி இருளில்தான் தரைக்கு வரும். தோப்பில் நெருப்பாக வந்து விழாது. ஒளி மறைந்து ஒன்றிரண்டு நிமிடங்கள் கழித்து இடியோசை போன்ற சத்தம் கேட்டிருந்தால் மட்டும், ஓரளவு அருகில் நிகழ்ந்ததாகக் கொள்ளலாம்.

இனி அப்படி ஒன்றைக் கண்டால், நின்ற இடத்தை விட்டு நகராமல், அது எந்த மரத்தின் உச்சிக்கு மேல் தோன்றி எந்தக் கூரையின் ஓரத்தில் மறைந்தது என்று மனத்தில் பதியுங்கள். கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று அளந்து, நேரத்தோடும் திசையோடும் உடனே எழுதிவையுங்கள். வெவ்வேறு ஊர்களில் இருவர் இப்படி அளந்து எழுதிய குறிப்பு, நூறு பேரின் வியப்பைவிடப் பயனுள்ளது.

கேள்வி: விழுந்த பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ராக்கெட் பாகத்தில் நச்சு எரிபொருளின் எச்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். அதனால் சேதம் ஏற்பட்டிருந்தால், 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைப்படி ஏவிய நாடே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. விண்கல் என்று தோன்றினால் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சேரட்டும். நம் நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாத்து ஆராயும் பொறுப்பு அத்துறையினுடையது. மழையில் நனைவதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், ஆய்வுக்கு அது இன்னும் நல்லது.