பழவேற்காட்டுக் கடற்காகங்கள்: பிப்ரவரியில் தலை ஏன் குழப்புகிறது?

கேள்வி: பிப்ரவரிக் கடைசியில் பழவேற்காடு ஏரியில் ஒரே கூட்டத்துக்குள் வெள்ளைத்தலை, திட்டுத்திட்டான தலை, முழுப் பழுப்புத்தலை என மூன்று விதக் கடற்காகங்களைப் பார்த்தேன். மூன்றும் வேறு வேறு இனங்களா? நவம்பரில் பெயர் தெரியாமல் விட்ட சின்ன வாத்துகளை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் மூன்றும் ஒன்றேதான், பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளை. காதருகே ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். பிப்ரவரி முதல் தலையிறகுகள் உதிர்ந்து பழுப்பு இறகுகள் முளைக்கத் தொடங்கும். ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு வேகம் என்பதால்தான் கூட்டம் கலவையாகத் தெரிகிறது. லடாக், திபெத் பீடபூமி போன்ற உயரமான ஏரிகளுக்கு முட்டையிடப் போகும்போது இந்தப் பழுப்பு முக்காடு முழுமையாகியிருக்கும்.

கருந்தலைக் கடற்காகமும் இதே கூட்டத்தில் கலந்திருக்கும். பெயர்தான் கருந்தலை, அதன் முக்காடும் அடர் பழுப்புதான். ஆகவே தலையை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். இந்தப் பருவத்தில் உதிராதவை இறக்கையின் நீண்ட இறகுகள். பறக்கும்போது நுனியைப் பாருங்கள். நுனி அகலமான கறுப்பாகவும் அதற்குள் வெள்ளை ஜன்னல்போல் ஒன்றிரண்டு புள்ளிகளும் இருந்தால் பழுப்புத்தலை. இறக்கையின் முன்விளிம்பு நீளமாக வெள்ளை, கறுப்பு ஓரத்தில் மெல்லிய கரைபோல மட்டும் என்றால் கருந்தலை. உட்கார்ந்திருந்தால் கண் உதவும்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிர் கண், கருந்தலைக்கு இருண்ட கண். இளம் பறவையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இளம் பழுப்புத்தலைக்கும் கண் இருண்டிருக்கும், ஜன்னலும் இராது. வால்நுனியில் கறுப்புப் பட்டை ஓடும். வாலில் பட்டை கண்டால் கண்ணை நம்ப வேண்டாம். உண்மையிலேயே கரிய தலையும், நுனியில் கறுப்புப் பட்டையோடு தடித்த மஞ்சள் அலகும், மற்றவற்றைக் குள்ளமாக்கும் உடலும் இருந்தால் அது பல்லாஸ் கடற்காகம்.

வாத்துகளுக்கு இதுதான் நல்ல நேரம். நவம்பரில் நீலச்சிறகி என்ற சின்ன வாத்தின் ஆண், பெட்டையைப் போலவே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பழுப்பு முகத்தில் வெள்ளைப் புருவம் தெளிவாக வந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். பெட்டைக்கு முகத்தில் வெளிர்க் கோடுகளும் அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்ப்பொட்டும் உண்டு. ஊசிவால், தட்டைவாயன் வாத்துகளின் ஆண்களை வால், அலகு வைத்தே சொல்லிவிடலாம். வாத்துகள் மார்ச்சிலேயே குறையும், தள்ளிப்போடாதீர்கள்.

விடிந்ததும் போங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெயில் ஏறினால் நீர்மேல் கானல் அசையும். ஜன்னல் புள்ளிகள் கரைந்துபோகும். அப்போது தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்துதான் பெரிதாகும். 60 மடங்கு வரை போகும் கருவியானாலும் 20–30 மடங்கில் நிறுத்துங்கள். கையில் பிடிக்கும் இருகண் நோக்கிக்கு 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். உட்கார்ந்த பறவைகள் காற்றை எதிர்நோக்கித் திரும்பியிருக்கும். காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும் இடத்தில் நின்றால் முழுப் பக்கத்தோற்றம் கிடைக்கும். பறக்கும் இறக்கையைப் படமெடுக்க 1/2000 நொடி வேகமும் தொடர்படங்களும் வேண்டும்; ஒரு படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கோணம் மாறினால் வெள்ளை மறைந்துவிடும்.

சேற்றில் இறங்கி நெருங்காதீர்கள். வாத்துக் கூட்டம் எழுந்தால் கடற்காகங்களும் எழும், எண்ணிக்கை போச்சு. வலை இழுக்கும் படகுகளுக்கருகே கரையில் காத்திருந்தால் கடற்காகங்கள் தாமே வரும்.

மே மாதத்திலும் ஒன்றிரண்டு கடற்காகங்கள் வெள்ளைத்தலையோடு நின்றால் வியக்க வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டையிடும் வயதை இன்னும் எட்டாத இளசுகள்.