வேலை போன பிறகு கம்பெனி இன்சூரன்ஸைத் தொடர எச்1பி விசாக்காரர்களுக்குத் தகுதி உண்டா?

வேலை போய் ஒரு மாதம் ஆகிறது, எச்1பி விசாவுக்கு (அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் விசா) கோப்ரா கிடையாது என்று நண்பர் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்ரா என்பது வேலை போன பிறகும் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டை நம் பணத்தில் தொடர விடும் அமெரிக்கச் சட்டம். தாராளமாக உண்டு. கோப்ராவுக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. கம்பெனியில் குறைந்தது 20 பேர் வேலை பார்த்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முன் நீங்கள் அந்த பிளானில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் நீக்கினாலும் நீங்களே விட்டாலும் 18 மாதம் வரை தொடரலாம். மோசமான ஒழுங்கீனத்துக்காக நீக்கியிருந்தாலோ, கம்பெனி அந்த பிளானையே மூடிவிட்டாலோதான் கிடைக்காது.

உங்கள் நண்பர் சொன்னதையேதான் எங்களுக்கும் சொன்னார்கள். 2022 அக்டோபரில் என் கணவருக்கு லேஆஃப். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இன்சூரன்ஸ் அக்டோபர் 31 வரை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அதெல்லாம் சிட்டிசனுக்குத்தான்" என்றார். கணவரும் நம்பிவிட்டார். வேலை போனால் நாட்டில் இருக்க விசா தரும் 60 நாள் கெடு தலைக்கு மேல் நின்றபோது அவர் எதைத்தான் படிப்பார்? குறை சொல்லவில்லை.

கோப்ரா எடுக்கிறீர்களா என்று கேட்கும் கடிதம் நவம்பர் 18 தேதியிட்டு வந்தது, பீட்ஸா கூப்பன்களுக்கு நடுவே. மூன்று பேர் குடும்பத்துக்கு மாதம் 2,050 டாலர். கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுத்தொகை, அதற்கு மேல் 2 சதவீதம் வரை வாங்கலாம். கணவர் பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிட்டார். நான் எடுத்து மூன்று தடவை படித்தேன். அதில் அவர் பெயர், என் பெயர், மகன் பெயர் என்று மூன்று தனி வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். அவர் வேண்டாம் என்றாலும் நான் எனக்கென்று எடுக்கலாம், பிள்ளைக்கு மட்டும் எடுக்கலாம்.

டிசம்பர் 10, சனிக்கிழமை. பூங்காவில் கம்பியில் தொங்கிய மகன் விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்தது. எமர்ஜென்சியில் நர்ஸ் அவனுடைய ஸ்வெட்டர் கையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, கவுன்ட்டரில் "இன்சூரன்ஸ் செயல்பாட்டில் இல்லை" என்றார்கள். அன்றிரவே ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை மகன் கட்டத்தை மட்டும் டிக் அடித்து, கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு ஆளுக்கான கட்டணம் 702 டாலர். நவம்பர், டிசம்பர் இரண்டுக்கும் 1,404 கட்டினோம். காப்பீடு நவம்பர் 1 முதலே தொடர்ந்ததாக ஆனது. ஜனவரியில் 38,000 டாலருக்கு வந்த பில்லை மருத்துவமனை மறுபடி அனுப்பி இன்சூரன்ஸில் வாங்கிக்கொண்டது.

இது ஏமாற்று என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். காப்பீடு முடிந்த நாள், கடிதம் கொடுத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாள் யோசிக்கச் சட்டமே தருகிறது. சம்மதம் சொன்ன பிறகு முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், இனாமாக எதுவும் வரவில்லை. மார்க்கெட்பிளேஸ் (தனியாகக் காப்பீடு வாங்க அரசு நடத்தும் தளம்) மலிவு என்பார்கள். பலருக்கு மலிவுதான், ஆனால் வேலை போனவர் இன்று பதிந்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான், நேற்று உடைந்த கைக்கு உதவாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கோவையில் ஆறு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள். இங்கே எச்4 (எச்1பிக்காரரின் மனைவிக்குத் தரும் விசா), எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கரன்ட் பில்லைப் பற்றிக் கேட்கப் போன் செய்தால்கூட, "கணக்கு வைத்திருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்" என்கிறார்கள். இந்த நாட்டில் என் பெயருக்கென்று தனி உரிமை எழுதி வந்த முதல் காகிதம் அந்தக் கடிதம். அதனால்தான் அதை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை, சின்னக் கம்பெனிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் விசாவின் 60 நாளையும் கோப்ராவின் 60 நாளையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு நாளில் தொடங்கும். கடிதம் வரவில்லை என்றால் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம், இன்றே எச்ஆருக்கு மெயில் போடுங்கள். வந்ததும் உங்கள் மனைவியையும் உட்காரவைத்துப் படியுங்கள்.