ஓம் விதிக் கணக்கு தேர்வைத் தாண்டி எதற்காவது உதவுமா?

கட்டாயம் உதவும். நீங்கள் பத்தாம் வகுப்பு மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சேலத்தில் வயரிங் வேலை செய்கிறவன். "கணக்கெல்லாம் எஞ்சினியருக்கு, உனக்கெதற்கு?" என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்டு மனம் புண்பட்டிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து விருந்தினர் வீடு. 2,000 வாட் கீசரில் தண்ணீர் சீக்கிரம் சூடாகவில்லை என்று கீசரையே மாற்றியிருந்தார்கள். புதியதும் அப்படித்தான். எனக்கு முன்னால் வந்தவர்கள் கீசரை அணைத்துவிட்டு அளந்து, 230 வோல்ட் சரியாக வருகிறது என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். ஓம் விதிப்படி, கம்பியில் இழக்கும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கம்பியின் மின்தடையால் பெருக்கிய தொகை. ஓட்டமே இல்லாதபோது இழப்பு எப்படித் தெரியும்? கீசரைப் போட்டுவிட்டு அளந்தேன். 206 தான் இருந்தது.

இதைத் தாளிலேயே காட்டலாம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் கீசரின் மின்தடை 26.45 ஓம். மெயின் போர்டு மேட்டில், வீடு 200 மீட்டர் சரிவில். போக வர 400 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் என்றால், இதற்கு ஏறக்குறைய 3 ஓம். இரண்டும் தொடரிணைப்பு, ஆகவே மொத்தம் 29.45. 230-ஐ அதனால் வகுத்தால் 7.8 ஆம்பியர். கம்பி மட்டுமே 23 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. கீசருக்குக் கிடைப்பது 1,600 வாட் சொச்சம்தான்.

சூட்டில் மின்தடை மாறும், மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். எனக்கும் தெரியும். கீசருக்குள் இருப்பது வெப்பச்சுருள். அதற்கு இவ்வளவு போதும்.

10 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தோம். குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கானதால் மின்தடை கால்பங்காகி, கீசருக்கு 224 வோல்ட் வரை கிடைத்தது. தண்ணீர் ஒழுங்காகச் சூடானது.

ஆனால் கூலி கேட்டபோது, "கம்பியைத்தானே மாற்றினாய்" என்று குறைத்துக் கொடுத்தார்கள். வீணாக ஒரு கீசர் வாங்கியபோது கடைக்காரரிடம் யாரும் பேரம் பேசவில்லை. எங்கள் தொழிலில் கையுழைப்புக்கு மட்டும்தான் காசு. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு ஒரு ரூபாய்கூடத் தனியாகத் தர மாட்டார்கள்.